எந்திரத்துக்கு நல்ல தண்ணி

பிளிண்ட் நகரத் தண்ணீர் பற்றி மிச்சிகன் ஆளுநர் ரிக் ஸ்னைடர் அமைத்த ஐவர் குழு 2016 மார்ச்சில் தந்த அறிக்கையைப் படித்தேன். மோசமான அறிக்கை என்று சொல்லமாட்டேன். நியமித்த அரசையே குற்றம் சாட்டுகிறது. சுற்றுச்சூழல் அநீதி என்றே எழுதுகிறது. ஆனா நடந்ததை அரசின் 'தோல்வி' என்று சொல்லுது பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

தோல்வின்னா, செய்யப்போன காரியம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இங்கே அப்படியா? அவசரகால நிர்வாகிகளுக்கு வரம்பில்லாத அதிகாரம் தந்த 2011ஆம் ஆண்டுச் சட்டத்தை 2012 நவம்பரில் மக்களே வாக்களித்து ஒழித்தார்கள். மறுமாசமே சட்டமன்றம் அதே மாதிரி இன்னொன்றை நிறைவேற்றியது. இந்தத் தடவை நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துட்டாங்க. நிதி ஒதுக்கும் சட்டத்தை அந்த மாநிலத்தில் வாக்கெடுப்பால் தடுக்க முடியாது. கெட்டிக்காரத்தனம்!

கடன் இருந்தது உண்மை. வெள்ளையர் ஊர்கள் சிலவும் சிக்கின. ஆனால் டெட்ராய்ட், பெண்டன் ஹார்பர், பாண்டியாக், பிளிண்ட் என்று கறுப்பர் அதிகம் வாழும் நகரங்கள் வரிசையாகத் தம் மன்றத்தின் அதிகாரத்தை இழந்தன.

2014 ஏப்ரலில் செலவு மிச்சம் என்று பிளிண்ட் ஆற்றுத் தண்ணியைத் திறந்தார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் கரைஞ்சு பிள்ளைங்க இரத்தத்தில் ஏறியது. அதே வருசம் அக்டோபரில், உதிரிபாகங்கள் அரிக்குதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை வேறு தண்ணிக்கு மாறிக்கொண்டது. எந்திரத்துக்கு நல்ல தண்ணி கிடைச்சிருச்சு. தாய்மார்கள் பழுப்புத் தண்ணியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் போய் நின்றார்கள். 2015 மார்ச்சில் நகர மன்றம் டெட்ராய்ட் தண்ணிக்கே திரும்ப 7க்கு 1 என வாக்களித்தது. நிர்வாகி ஜெர்ரி அம்புரோஸ் ஏற்கவில்லை. அக்டோபர் வரைக்கும் அதே தண்ணிதான்.

2013 மார்ச்சில் மன்றமும் ஓட்டுப் போட்டதே என்று சிலர் மடக்குவார்கள். அந்த ஓட்டு ஏரித் தண்ணீர் கொண்டுவரும் புதிய குழாய்த் திட்டத்தில் சேர்வதற்கு. ஆற்றுக்கு யார் ஓட்டுப் போட்டது?

மாநிலக் குடிமை உரிமைகள் ஆணையம் 2017 பிப்ரவரியில்தான் அமைப்பிலேயே ஊறிய இனவாதம் என்று பேர் சொன்னது. ஐவர் குழுவோ நிர்வாகிச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. எடுத்துப்போடச் சொல்லவில்லை.