மனத்துயரின் குரல்

ஞாயிறு திருப்பலி முடிந்து பட்டாபிராம் ஆலய முற்றத்தில் நின்ற இறைமக்களிடையே, தமிழ்த் திரையின் தலைசிறந்த நடிப்பு எது என்ற வாதம் எழுந்தது. பெரும்பான்மையோர் 'ஞான ஒளி'யில் (1972) சிவாஜி கணேசன் ஏற்ற அந்தோணியையே கூறினர். நாமோ 'ஏழை படும் பாடு' (1950) படத்தில் நாகையா நடித்த கந்தனை முன்வைத்தோம்.

இரண்டுக்கும் ஊற்று விக்டர் ஹியூகோவின் நாவலே. கந்தன் சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பு வழியாக வந்தான். அந்தோணி வியட்நாம் வீடு சுந்தரத்தின் நாடக வழியாக.

அந்தோணி தன் வேதனையைக் கோவில் மணிபோல் ஊரறிய முழங்குகிறான். நாமும் கண்கலங்கியதுண்டு, மறுக்கவில்லை. ஆயினும் ஒப்புரவு அருட்சாதனத்தில் பல்லாண்டுகள் அமர்ந்த செவிக்கு, மனத்துயர் பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே வந்து சேர்கிறது. வெள்ளிப் பொருள்களைத் திருடிய தன்னை ஆயர் மன்னிக்கும்போது, நாகையாவிடம் நன்றியைவிட நாணமே முந்துகிறது. அருள் முதலில் சுடத்தான் செய்யும்.

"மகளைப் பிரிஞ்ச தகப்பன் மெதுவாவா சாமி அழுவான்?" என்றார் ஒரு மூதாட்டி. அக்கேள்வியை எளிதில் தள்ள இயலவில்லை. அடக்கத் திருப்பலிகளில் நாம் கேட்கும் ஒப்பாரி பொய்யன்று. ஆனால் அது இழப்பின் அழுகை. மனமாற்றத்தின் அழுகை வேறு. பேதுரு முற்றத்தில் நின்று அழவில்லை, வெளியே சென்றே அழுதார். மூதாட்டி இதற்கும் இணங்கவில்லை.

ஒன்றில் மட்டும் அனைவரும் உடன்பட்டோம். கந்தனைத் துரத்தும் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு, 'ஜாவர்' என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அத்துணை அழுத்தமான நடிப்பு. மேஜர் சுந்தரராஜனின் லாரன்ஸ் அதற்கு நிகரா என்னும் வழக்கு அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.