பக்தை என்ற ஒற்றைச் சொல்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பேருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குப் போகிறவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளும் இசை மலர்களும் இந்த ஆறுகளில் தொடங்கி, நூற்றுக்கணக்கான குரல்கள் சேர்ந்து பாடும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் முடிகின்றன. இடையில் பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு (1878–1952) ஒரு பத்தி கிடைக்கும். தன் நகைகளையும் சொத்தையும் விற்று தியாகராஜருக்குக் கோயில் எழுப்பிய பக்தை என்று அது சொல்லும். அந்தப் பத்தியில் பொய் ஏதுமில்லை. ஆனால் 'பக்தை' என்ற சொல் எவற்றையெல்லாம் மூடி மறைக்கிறது என்பதே என் கேள்வி.

தியாகராஜர் 1847இல் மறைந்தார். கவனிப்பாரற்றிருந்த அவரது சமாதியின் மீது கோயில் கட்டும் பணியை நாகரத்தினம்மாள் 1921இல் தொடங்கினார். அப்போது ஆராதனையை நடத்திக்கொண்டிருந்தவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி எனப் பிரிந்துகிடந்த ஆண் வித்துவான்கள். கோயில் கட்டியவர் பெண். விழாவில் பெண்கள் பாடக்கூடாது. நாகரத்தினம்மாள் அழுது தொழுதுவிட்டுத் திரும்பவில்லை. தேவதாசிப் பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். அதற்குப் 'பெண்கள் கட்சி' என்றே பெயர். 1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றிணைந்தன, பெண்களும் பாடினார்கள். பஞ்சரத்தினத்தை எல்லோரும் கூடிப் பாடும் இன்றைய முறையும் அந்த இணைப்பை ஒட்டித்தான் நிலைபெற்றது. தொன்மையான மரபென்று நாம் கண்கசியக் கேட்பது என் பாட்டியைவிட வயதில் இளையது. ஒரு பெண்ணின் பிடிவாதமும் பணமும் அமைப்புத் திறனும் அதற்குள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் 'பக்தி' என்று பெயரிட்டால் விலக்கியவர்கள் யார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

இதே பெண் 1910இல் இன்னொரு வேலையும் செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதியவர். முந்தைய அச்சுப் பதிப்பில் சில பாடல்களும், தன் பாட்டி வழி மரபை முத்துப்பழனி பெருமையோடு சொல்லும் முகப்புப் பகுதியும் காணாமல் போயிருந்தன. நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடி ஒப்பிட்டு முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு அடுத்த ஆண்டே நூலுக்குத் தடை விதித்தது. தடை நீங்க 1947 வரை ஆயிற்று.

இசை உலகம் சமாதி கட்டியவரை எடுத்துக்கொண்டது. நம் பெண்ணியப் பாடத்திட்டங்கள் முத்துப்பழனியைப் பதிப்பித்தவரை எடுத்துக்கொண்டன. இருசாராரும் தொடத் தயங்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு: தேவதாசி முறை ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்த நாகரத்தினம்மாள். எதிரே நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசியாகவே வாழ்ந்து, அந்த முறைக்கு எதிராக வீதியில் இறங்கி, 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் எதிரணியில்தான் இருந்தார்.

சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தாக வேண்டும் என்பதில் நான் ராமாமிர்தம் பக்கம்தான். ஆயினும் திருவையாற்றுக் கோயிலின் கற்கள் எந்தப் பணத்தில் வந்தன என்று கேட்டால் விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. பாடிச் சம்பாதிக்கவும், சம்பாதித்ததைத் தன் பெயரில் வைத்திருக்கவும், விரும்பியபடி செலவிடவும் நாகரத்தினம்மாளால் முடிந்தது. அன்றைய குடும்பப் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த அதிகாரம் இல்லை. 1947இல் சட்டம் வந்தபோது சுரண்டல் ஒழிக்கப்பட்டது. அந்தச் சுரண்டலோடு பிணைந்திருந்த சொத்து, தாய்வழி உரிமை, தொழில், இசைப் பயிற்சி ஆகியவற்றுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று யாரும் போதுமான அளவு யோசிக்கவில்லை. பெண்கள் கட்சி திறந்துவைத்த மேடையில் பின்னர் பாட வந்த பெண்களில் பெரும்பாலோர் அதைத் திறந்தவர்களின் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். கௌரவம் இடம் மாறியபோது உழைத்தவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள்.

ஆகவே ஒரு வட்டாரத்தின் பண்பாட்டை அறியப் புறப்படும் மாணவியிடம் நான் கேட்கச் சொல்வது இவைதான்: இந்த விழாவுக்கு இடம் கொடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், யார் பாட அனுமதிக்கப்படவில்லை? முளைப்பாரிக்கும் கூத்துக்கும் ஆராதனைக்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

திருவையாற்றுப் பயணத்தைத் தஞ்சை அரண்மனையிலிருந்தே தொடங்கலாம். முத்துப்பழனி எழுதிய அவையின் ஊர் அது. அங்கிருந்து ஐந்தாறுகளையும் கடந்தால், தியாகராஜரின் சந்நிதியை நோக்கியபடி கைகூப்பிய கோலத்தில் நாகரத்தினம்மாளின் சிலை. அவரது சமாதியும் அங்கேதான். உள்ளே சுவரெங்கும் தியாகராஜரின் கீர்த்தனைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெண்கள் பின்புறத்தில் பாடிய ஆண்டுகளைப் பற்றியும் அங்கே ஒரு கல் வேண்டும். அது வரும்வரை, போகிற ஒவ்வொருத்தியும் உடன் வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.