பழைய மியாட்டாவில் டோர்சன்: மாற்றுவது வீண் செலவா?

மழையில் நனைந்த ரவுண்டானாவில், இரண்டாம் கியரில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா) காரின் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுழலும். வண்டி முன்னே போகாது. இத்தனைக்கும் உள்ளே இருப்பது 1,600 சிசி எஞ்சின்தான். குற்றம் எஞ்சின் மேல் இல்லை. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசைதான் கொடுக்கும். ஒன்று பிடி இழந்தால், நன்றாகப் பிடித்திருக்கும் மற்றதற்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும்.

என்னுடையது 1990இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனையாகி, பிறகு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த வண்டி. ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃப், இந்த மாடலில் அன்றே விருப்பத் தேர்வாக இருந்தது. ஆனால் அது விஸ்கஸ் வகை. உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் வயதாக ஆக வலுவிழக்கும். முப்பது வயது தாண்டிய ஒன்றை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

1994இல் 1.8 லிட்டர் எஞ்சினோடு டிஃப்பின் கிரௌன் பற்சக்கரமும் 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமாகப் பெரிதானது, டோர்சன் என்ற வேறு வகை லிமிடெட் ஸ்லிப் டிஃப்பும் வந்தது. அதில் கிளட்ச் தட்டுகள் கிடையாது, பற்சக்கரங்கள் மட்டுமே. விசை ஏற ஏற அவை ஒன்றையொன்று நெருக்கி உரசும். அந்த உராய்வுதான் பிடி அதிகமுள்ள சக்கரத்துக்கு விசையைக் கூட்டித் தருகிறது. நான் போட்டது இதைத்தான்.

டிஃப்பை மட்டும் வாங்கினால் போதாது. 1.8 வண்டியின் இரண்டு ஆக்சில்களும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்தே வர வேண்டும். சக்கரப் பக்க ஹப் பழையதே பொருந்தும். எல்லா 1.8 வண்டியிலும் டோர்சன் இருக்காது என்பதால், கழற்றும் முன் நியூட்ரலில் பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் பெரும்பாலும் அது சாதாரண டிஃப்தான்.

வேலையில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் பின்முனைக்குத் தனி மவுண்ட் கிடையாது. கியர்பாக்ஸையும் டிஃப்பையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம்தான் அதைத் தாங்குகிறது. அதன் போல்ட்டைத் தொடும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்தே ஆக வேண்டும். சாலையில் உப்பு தூவும் நாட்டில் ஓடிய வண்டி என்றால், பின் ஹப்பை சஸ்பென்ஷனின் கீழ்க் கையோடு கோக்கும் நீள போல்ட் துருவேறி அசையாது. அதை விட்டுவிட்டு, மேல் போல்ட்டைக் கழற்றி ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்தால் ஆக்சில் வந்துவிடும். ஆக்சில் நட்டு புதிதாகப் போடுங்கள்; 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டியது அது. 75டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில் ஒரு லிட்டர் போதும்.

ஓட்டும்போது? நேர்ச்சாலையில் டோர்சனால் ஒரு வித்தியாசமும் இல்லை. முன்பு 4.3 ஆக இருந்த டிஃப் விகிதம் 4.1 ஆனதில் இழுவைகூட ஒரு மயிரிழை குறைந்திருக்கிறது. மோட்டார்வேயில் எஞ்சின் சத்தம் தணிந்தது அதற்கு ஈடு. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுப்பதால் முன்பைவிடச் சுமார் 5 சதவீதம் குறைத்துக் காட்டும். கேமரா உள்ள சாலைகளில் மறந்துவிடாதீர்கள்.

வளைவு முடிந்து வெளியேறும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் கொடுத்த காசு தெரிகிறது. உள்சக்கரம் கீச்சிடுவதில்லை, பின்பாகம் அமுங்கி, வண்டியை வளைவிலிருந்து முன்னோக்கித் தள்ளுகிறது. தட்டு வகை டிஃப் போல பார்க்கிங்கில் கடகடப்பதும் இல்லை. ஆனால் ஈரத்தில் எல்லை மீறினால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும். பழைய டிஃப் மன்னித்த தவறை இது மன்னிக்காது. ஒரு சக்கரம் தரையை விட்டு முழுதாக எழும்பினாலும் டோர்சன் கைவிரித்துவிடும். பிடி குறைந்த சக்கரத்தின் விசையைப் பெருக்கித்தான் அது மற்றதற்குத் தருகிறது; பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

டயரும் வீல் அலைன்மென்ட்டும் சரியில்லாத வண்டிக்கு முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் கையில் காசு மிஞ்சினால், எஞ்சினில் குதிரைசக்தி கூட்டுவதற்கு முன் டோர்சனைப் போடுங்கள்.