தண்ணீர்மலைக்கு வரும் விருந்தினர்

விடுமுறைக்குப் பினாங்கு வரும் அயல்நாட்டாருக்கென்று எழுதப்படும் வழிகாட்டி நூல்கள் பல, தோட்டத்துக் கிராணியாகிய எம் கைக்கும் அவ்வப்போது வருவதுண்டு. கடற்கரையையும் கொடிமலையையும் உணவுக் கடைகளையும் வர்ணித்த பின், தைப்பூசத்துக்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்குவது அவற்றின் வழக்கம். அப்பக்கத்தை வாசித்து முடித்தவர் உள்ளத்தில், தமிழன் என்பவன் ஆண்டுக்கொரு நாள் நாவிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டு திரியும் விநோதப் பிறவி என்னும் எண்ணமே எஞ்சும். எந்த இடத்தில் நின்றால் நல்ல படம் எடுக்கலாம் என்பது அங்கே சொல்லப்பட்டிருக்கும். அலகு குத்தியவன் எதன்பொருட்டுக் குத்தினான் என்பது சொல்லப்பட்டிராது. உள்ளூர் வைபவத்தில் வந்து கலந்துகொள்ளுங்கள் என்று அந்நூலார் விடுக்கும் அழைப்பின் தன்மையைச் சிறிது ஆராய்வோம்.

பூசத்துக்கு முந்திய நாள் பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. நகரத்தார் 1894-ம் ஆண்டில் தமிழகத்திலிருந்து கப்பலேற்றித் தருவித்த ரதம் அது. 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் உடன் செல்கிறது. இரண்டு ரதங்கள் ஏன் என்னும் வழக்கில் நாம் இப்பொழுது புகவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். மறுநாள் பால்குடங்களும் காவடிகளும் தண்ணீர்மலைக்குச் செல்கின்றன. மலைமேற் கோயிலுக்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள். வணிகர் அளித்தது வெள்ளி. தொழிலாளி அளிப்பது தன் உடல். இந்த வேற்றுமையைக் காணாத எழுத்து விழாவின் பாதியைக் காணாத எழுத்தேயாகும்.

இதனைக் கண்டு எழுதியோரும் உளர். எலிசபெத் காலின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் பினாங்கைக் களமாகக் கொண்டு 1997-ல் ஒரு நூல் வெளியிட்டார். முருகன் வேலால் துளைக்கப்பட்டோர் என்று பொருள்படும் அதன் தலைப்பு அலகையே முன் நிறுத்துகிறது. அது எமக்கு உவப்பன்று. உள்ளேயோ, காவடி எடுப்போன் எந்த வகுப்பினன், ஊரில் அவனுக்குள்ள மதிப்பென்ன, இந்த ஒரு நாள் அவனுக்கு எதனை ஈட்டித் தருகிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுகின்றன. இருபதாண்டுகள் கழித்து, 2017-ல், கார்ல் வடிவேலா பெல் என்னும் ஆஸ்திரேலியர் மலேசியத் தைப்பூசத்தைப் பற்றிய தம் நூலைச் சிங்கப்பூரிலிருந்து வெளியிட்டார். பினாங்கைவிடப் பத்துமலையே அதில் பெரிதும் பேசப்படுகிறது. எனினும் அவரை இங்கு குறிப்பிடக் காரணமுண்டு: விரதமிருந்து தாமே காவடி சுமந்தவர் அவர். வெளியிலிருந்து வந்து கலந்துகொள்ளுதல் என்பதற்கு மெய்யான பொருள் அவரிடம் இருக்கிறது. பல நாள் புலாலை விடுத்துத் தரையிற் படுத்தவனுக்கும், காலை எட்டு மணிக்கு ஓட்டலிலிருந்து வாடகைக் காரில் வந்திறங்கியவனுக்கும் அலகு ஒரே பொருளைத் தருமா?

ஆனால் இவ்விரு நூல்களும் ஆங்கிலத்தில் உள்ளன. இவற்றிற் பேசப்படும் தொழிலாளிக்கு இவை எட்டா.

அத்தொழிலாளியின் நேர்த்திக்கடனை விசாரித்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் நீங்க வேண்டும். மகன் பரீட்சையில் தேற வேண்டும். குடிக்கும் கணவன் திருந்த வேண்டும். தோட்டம் கைமாறினால் குடியிருக்கும் வரிசை வீடு போய்விடாதிருக்க வேண்டும். பால்குடத்துள் பாலோடு இவையும் இருக்கின்றன. வழிகாட்டி நூலார் இதனை அறியார். நம் சீர்திருத்தத் தோழர்களிற் சிலரும் அறிந்ததாகத் தெரியவில்லை என்று சொன்னால் அவர்கள் சினவாதிருப்பாராக! 1929 இறுதியில் பெரியார் பினாங்கிற் கரையிறங்கிய காலந்தொட்டு மலாயாத் தமிழரிடையே காவடிக்கு எதிரான பேச்சும் எழுத்தும் இருந்துவந்திருக்கின்றன. அலகு குத்தத்தான் வேண்டும் என்பது எம் கட்சியன்று. அந்த வேல் காய்ச்சலைத் தீர்க்கும் என்பதும் எம் நம்பிக்கையன்று. எனினும் படம் பிடிப்போன் வியந்து நோக்கும் அதே அலகைத்தான் கண்டன எழுத்தாளரும் இகழ்ந்து நோக்குகின்றார். இருவரும் முகத்தை நோக்கவில்லை. மருத்துவமனை எட்டிய தூரத்தில் இருந்திருந்தால், கூலி போதியதாயிருந்திருந்தால், இவள் இக்கடனை நேர்ந்திருப்பாளா என்று கேட்பதன்றோ சீர்திருத்தக்காரன் வேலை?

கலந்துகொள்ளும் கலையைக் கற்க விரும்பும் பயணிக்கு ஆசான்மார் பினாங்கிலேயே இருக்கின்றனர். ரதம் செல்லும் வழியெங்கும் சீனர்கள் தேங்காய்களைக் குன்றுகளாகக் குவித்து வைத்துக் காத்திருக்கின்றனர். ரதம் அணுகியதும் ஊதுவத்தி ஏந்தி வணங்கி, வீதி வெள்ளமாகும்படி உடைக்கின்றனர். அவர்களிற் காவடி எடுப்போரும் உண்டு. ஓடுகளைக் கூட்டி அள்ளுவது பின்னர் வருவோர்க்குப் பெரும் வேலை. இத்தனை தேங்காய் வீணாகலாமா என்று நம்மவரே முணுமுணுப்பதுண்டு. அம்முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தம் வேண்டுதலோடும் தம் செலவோடும் வருகின்றனர். நம்மிடம் விளக்கம் கேட்டு நிற்பதில்லை.

அடுத்த பதிப்புக்குத் திருத்தம் செய்யும் வழிகாட்டி நூலாருக்கு இடம் மிகக் குறைவு என்பதை அறிவோம். படம் எடுக்க நல்ல இடம் எது என்னும் வரியை நீக்கினால், தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கி அருந்தலாம், மலையடியில் காலணியைக் கழற்ற வேண்டும், அலகு குத்திய ஒருவருடன் வந்திருக்கும் தாயிடமோ தங்கையிடமோ இது எதற்கான கடன் என்று பணிவாகக் கேட்கலாம் என்னும் மூன்று செய்திகளுக்கும் அங்கே இடம் கிடைக்கும்.