ஓவிய மேசைக்கு எந்த கேண்டில் ஸ்டாண்ட்? நான்கு உலோக வகைகள், ஒரு பரீட்சை

மெழுகுவர்த்தி வெளிச்சத்தைத் தேடிப்போகும் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழம், கூஜா, துணிமடிப்பு என்று மேசையில் அடுக்கி வரைபவர்களுக்கு அந்த மஞ்சள் ஒளியும் அழுத்தமான நிழலும் வேண்டும். 1975-ல் வந்த ‘பாரி லிண்டன்’ படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளுக்காக, ஸ்டான்லி குப்ரிக் எஃப் 0.7 அளவுக்குத் திறக்கும் ஜெய்ஸ் லென்ஸைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்தினார். திருமண அழைப்பிதழ் செய்பவர்கள் முத்திரை மெழுகை உருக்குவதற்கும், காகிதத்தில் புகைக்கரியைப் படியவிட்டு உருவம் தேடுபவர்களுக்கும் நிஜச் சுடரே தேவை. எல்.இ.டி. விளக்கு அந்த வேலையைச் செய்யாது.

இத்தகைய மேசைகளில் கண்ணாடி, பீங்கானைவிட உலோக ஸ்டாண்டுகளைப் பலரும் நம்புகிறார்கள். நியாயமான நம்பிக்கைதான். கீழே விழுந்தால் உடையாது, சூட்டில் விரிசல் விடாது, தீப்பற்றாது. ஆனால் உலோகம் சூட்டைக் கடத்தும். எவர்சில்வரைவிட பித்தளை ஏழெட்டு மடங்கு நன்றாகக் கடத்துகிறது; அலுமினியம் பித்தளையைப் போல இரண்டு மடங்கு. அந்தச் சூடு இறங்கும் இடத்தில்தான் காகிதமும் கான்வாஸும் மரப்பலகையும் இருக்கின்றன. ஆகவே கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நான்கு வகைகளிடமும் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: சாயாமல் நிற்கிறதா? உருகும் மெழுகு எங்கே போகிறது? சூடு எங்கே போகிறது?

உயரமான பித்தளை ஸ்டாண்ட்

பார்வைக்கு இதுவே முதலிடம். உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளைப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே கடைந்த ஸ்டாண்டுகள் உலகமெங்கும் போகின்றன. சுடர் உயரத்தில் இருப்பதால் வெளிச்சம் நன்றாகப் பரவுகிறது, மேசைக்குச் சூடும் அவ்வளவாக இறங்குவதில்லை. சிக்கல் நிற்பதில்தான்.

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரவிதி, மெழுகுவர்த்தியை 10 டிகிரி சரிவில் வைத்தாலும் கவிழக்கூடாது என்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். பற்றவைக்காத மெழுகுவர்த்தியோடு ஸ்டாண்டை 30 செ.மீ. நீளமுள்ள பரீட்சை அட்டையில் வைத்து, ஒரு முனையை 5 செ.மீ. தூக்கினால் ஏறக்குறைய அதே சரிவு கிடைக்கும். அடி அகலமாகவும் கனமாகவும் உள்ளவை அசையாமல் நிற்கின்றன. ஒல்லியான தண்டும் சிறிய அடியும் கொண்டவை இங்கேயே தோற்றுவிடுகின்றன. ஈசலை இழுத்து நகர்த்தும் மேசையில் அவற்றுக்கு இடமில்லை.

இன்னொன்று, குழியின் அளவு. ஏற்றுமதிக்காகச் செய்யப்படும் ஸ்டாண்டுகளின் குழி பெரும்பாலும் 22 மி.மீ. அகலம். மளிகைக் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் மெல்லிய மெழுகுவர்த்தி அதில் ஆடும். இடைவெளியில் காகிதத்தைச் செருகுவது ஆபத்து; கடைசியில் சுடர் வந்து சேரும் இடம் அதுதான். அடிப்பாகத்தில் அலுமினிய ஃபாயிலைச் சுற்றி இறுக்குவதே சரி.

ஆணி வைத்த இரும்புத் தட்டு

தடித்த மெழுகுவர்த்தியை நடுவிலுள்ள ஆணியில் குத்தி நிறுத்தும் வகை. அடி தாழ்வானது, தட்டு அகலமானது. சாய்வுப் பரீட்சையில் எளிதாகத் தேறுகிறது. உருகி வழியும் மெழுகும் தட்டிலேயே தங்கும். பலவீனம் கடைசியில் தெரியும். சுடர் கீழே இறங்கும்போது ஆணி சூடாகி, பற்றியிருக்கும் மெழுகை இளக்கிவிடும்; மிச்சத் துண்டு சாய்ந்துவிடும். 5 செ.மீ. மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுவது இந்த வகைக்குக் கட்டாயம்.

டீ லைட் கிண்ணம்

முத்திரை மெழுகு வேலைக்கு எல்லோரும் வாங்குவது இதைத்தான். மூன்று கால் வைத்த சிறு உலோக அடுப்பு, மேலே கரண்டி, கீழே டீ லைட். வேலைக்கு வசதியானது, கவிழும் பயமும் குறைவு. ஆனால் நான்கில் அதிகக் கண்காணிப்பு வேண்டியது இதற்குத்தான்.

டீ லைட்டில் மெழுகு முழுவதும் திரவமாகிவிடுகிறது. அதில் தீக்குச்சித் துண்டு விழுந்தால் அது இரண்டாவது திரியாகி எரியும். பல டீ லைட்டுகளை ஒரே தட்டில் நெருக்கி வைத்தால் ஒன்றின் சூடு மற்றொன்றை ஏற்றும். மெழுகு சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் ஆவி சுடரில் பற்றிக்கொண்டு கிண்ணம் மொத்தமும் எரியத் தொடங்கலாம். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய், நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை முகத்துக்கு வாரியடிக்கும். உலோக மூடியால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுவதுதான் வழி. மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கிண்ணத்தின் அலுமினிய அடி சூட்டை நேராகக் கீழே இறக்குகிறது. கால் இல்லாத ஹோல்டராக இருந்தால் அடியில் ஒரு டைல்ஸ் துண்டோ கடப்பா கல்லோ போடாமல் மரமேசையில் வைக்கலாகாது.

கைப்பிடி வளையத்தோடு தட்டு ஸ்டாண்ட்

மின்சாரம் வருவதற்கு முன் ஐரோப்பிய வீடுகளில் படுக்கையறைக்கு எடுத்துச்சென்ற வடிவம் இது. அகலத் தட்டு, நடுவில் குட்டையான குழி, ஓரத்தில் விரல் நுழைக்க ஒரு வளையம். பரீட்சையின் வெற்றியாளர் இதுவே. சாய்வில் நிற்கிறது, மெழுகைத் தட்டு வாங்கிக்கொள்கிறது, சூடான பாகத்தைத் தொடாமல் தூக்க முடிகிறது. சுடர் தாழ்வாக இருப்பதால் ஓவியருக்கு உயரம் போதாமல் போகலாம். கல்பலகைகளை அடுக்கி அதன்மேல் வைத்தால் அந்தக் குறையும் தீரும். வாங்கும்போது குழி தட்டோடு ஒட்டாமல் சற்று உயர்ந்திருக்கிறதா, அடியில் சிறு கால்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அந்தக் காற்று இடைவெளி மேசைக்குப் போகும் சூட்டைப் பெருமளவு குறைக்கும்.

ஸ்டாண்டைச் சுற்றி

நல்ல ஸ்டாண்ட் வாங்கினாலும் அது நிற்கும் இடம் தவறாக இருந்தால் பயனில்லை. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. தீப்பாதுகாப்பு அமைப்பின் கணக்கில், வீடுகளில் மெழுகுவர்த்தியால் மூண்ட தீவிபத்துகளில் ஐந்தில் மூன்று, எரியக்கூடிய பொருள் சுடருக்கு மிக அருகில் இருந்ததால் வந்தவை. ஒரு அடி தூரமாவது விடச் சொல்கிறது அந்த அமைப்பு. மேசையில் மட்டுமல்ல, மேலே கொடியில் உலரும் தாள்களுக்கும் அந்தத் தூரம் பொருந்தும்.

எண்ணெய் வண்ணக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது டர்பன்டைன். சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பற்றும் அளவுக்குச் சேர்ந்துவிடும். சென்னையில் மே மாதப் பகல் அதைத் தாண்டிவிடுகிறது. அசிட்டோன் கலந்த தின்னருக்கு அந்தச் சூடுகூட வேண்டாம். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. மேசைமேல் தவழ்ந்து சுடரை எட்டும். ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே டப்பாக்களும் இதே ரகம். திறந்த தின்னரும் திறந்த சுடரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாது.

மின்விசிறியையும் மறக்கலாகாது. காற்றில் சுடர் ஒருபக்கம் சாய, அந்தப் பக்கம் மெழுகு உடைந்து தட்டுக்கு வெளியே கொட்டுகிறது, கரியும் கூடுகிறது. விசிறியை நிறுத்தி, தொலைவிலுள்ள ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. திரியை ஒவ்வொரு முறையும் 6 மி.மீ. அளவுக்கு நறுக்கினால் சுடர் அடக்கமாக எரியும்.

தனியாக வேலை செய்பவர்கள் ஒரே ஒரு ஸ்டாண்ட் வாங்குவதானால் வளையம் வைத்த தட்டு வகையே முதல் தேர்வு, அதுவும் கனமான இரும்பிலோ பித்தளையிலோ. படப்பிடிப்புக்கு உயரம் வேண்டுமானால் சரிவில் தேறிய பித்தளை ஸ்டாண்டை எடுக்கலாம். முத்திரை வேலைக்கு டீ லைட் அடுப்பு வாங்குபவர்கள், அதே பில்லில் ஒரு எவர்சில்வர் மூடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.