கூட யார் வந்திருக்காங்க?

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தனியாக மருத்துவமனைக்கு வந்து ஓ.பி. சீட்டு வாங்கினால், "என்ன செய்யுது?" என்று கேட்பதற்கு முன்பே "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். அக்கறையில் பிறக்கும் கேள்விதான். அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு, நியாயமான காரணங்களும் உண்டு. அதே கேள்விக்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கமே வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பொதுவான சிகிச்சைக்கு எந்த வயதில் ஒருவர் தானே சம்மதம் தரலாம் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் நேராகச் சொல்லவில்லை. 12 வயதுக்குட்பட்ட குழந்தை தரும் சம்மதம் செல்லாது, அதன் சார்பில் காப்பாளர் தரலாம் என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 89, 90ஆம் பிரிவுகளின் சாரம். பாரதிய நியாய சன்ஹிதாவில் 27, 28ஆம் பிரிவுகளாக அவை தொடர்கின்றன. படிப்பவருக்கு, 12 நிறைந்தவர் தன் நன்மைக்கான சிகிச்சைக்குத் தானே ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையும் 1875ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் 18 என்று வருகிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையும் ஒப்பந்தம்தானே என்று மருத்துவமனைகள் பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டன. நாளை வழக்கு வந்தால் அதுதான் பத்திரம்.

இந்த வழக்கத்தை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனமில்லை. மருத்துவம் பெரும் வியாபாரமாகிவிட்ட நாட்டில், தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்குப் பதினைந்து வயதுப் பையனிடம் கையெழுத்து வாங்குவது எவ்வளவு எளிது! பெற்றவர்களின் கையெழுத்து அங்கே ஒரு தடுப்பு. சிறுவயதில் வலிப்பு வந்ததா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் நினைவிருக்கும். வீட்டுக்குப் போனபின் வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கப்போவதும் அவர்தான். உயிருக்கு ஆபத்தான வேளையில் காப்பாளர் கிடைக்காவிட்டால், மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு வழிவிட்டிருக்கிறது. எலும்பு முறிவு, டெங்கு, குடல்வால் அழற்சி போன்றவற்றுக்கு இந்த ஏற்பாடு போதும்.

நோயைவிட அது வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் பெரிதாகும் இடத்தில்தான் இது உடைகிறது. மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, போதைப் பழக்கம், பால்வினைத் தொற்று, கர்ப்பம். இவற்றில் வீடே காரணமாகவும் இருக்கலாம். அடிக்கிற அப்பாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட முடியாது. வெளியூரிலிருந்து வந்து நூற்பாலை விடுதியில் தங்கி வேலைபார்க்கும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். 14 வயதுக்கு மேல் அபாயமற்ற வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு மருத்துவரிடம் தனியாகப் பேச வழியில்லை.

கருக்கலைப்பில் இந்தச் சிக்கல் முற்றிவிடுகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாத பெண்ணுக்குக் காப்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம். அதே சட்டம் காப்பாளர் என்பதற்குத் தரும் விளக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சிறுமியைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் என்றுதான் அது சொல்கிறது. அப்பா, அம்மா என்று குறுக்கவில்லை. வளர்க்கிற சித்தியோ பாட்டியோ கையெழுத்திடலாம். சட்டம் திறந்துவைத்த கதவை நடைமுறை பாதி சாத்திவிட்டது.

மீதிப் பாதியைச் சாத்தியது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். 18 வயதுக்குட்பட்டவரோடு நிகழும் எந்தப் பாலுறவும் குற்றம். தெரிந்தவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தராவிட்டால் ஆறு மாதம்வரை சிறை என்கிறது 21. கொடுமைக்குள்ளான குழந்தைக்கு இந்தக் கடமை கவசம். தன் வயதையொத்தவனை விரும்பிய பதினேழு வயதுப் பெண்ணுக்கோ, மருத்துவரைப் பார்ப்பதே அவன்மேல் வழக்குப் போடுவதாகிவிடுகிறது. அதனால் மருந்துக் கடை மாத்திரையையும் போலி மருத்துவரையும் நம்பிப் போகிறார்கள்; வாரங்கள் கடந்து, ரத்தப்போக்கோடு வருகிறார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஓரளவு மூச்சுவிட வைத்தது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புச் செய்யும் மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் தெரிவிக்க வேண்டியதில்லை என்றது. நல்ல தீர்ப்புதான். ஆயினும் அது காவல்துறையிடமிருந்து தந்த மறைவு. வீட்டிடமிருந்து அவளுக்கு மறைவில்லை.

18 என்ற எண்ணில் அரசு எல்லா இடத்திலும் இவ்வளவு உறுதியாக இருந்தால் வாதம் வேறு. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 வயதுப் பையனின் மனமுதிர்ச்சியை அளந்து பார்த்து, பெரியவரைப்போல விசாரிக்கலாம் என்கிறது. தண்டிக்க அளக்க முடிகிற முதிர்ச்சியைச் சிகிச்சைக்கு அளக்க முடியாதா? 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இன்னும் துணிந்திருக்கிறது: தொற்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திவரும், போதிய புரிதலுள்ள 12 வயதுப் பிள்ளை, தம்பி தங்கைகளின் சிகிச்சைக்கே காப்பாளராகலாம். அதே ஆண்டில் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள், ஆய்வில் சேர்க்கப்படும் குழந்தையிடம் ஏழு வயதிலிருந்தே வாய்மொழியாகவும், 12 வயதுக்கு மேல் எழுத்திலும் இசைவு கேட்கச் சொல்கின்றன. ஆய்வுக்கு உட்படும் பிள்ளையிடம் கேட்கிறோம். சாதாரண வார்டில் படுத்திருக்கும் பிள்ளையின் தலைக்கு மேலே, அவன் அங்கே இல்லாததுபோல, பெற்றோரிடம் பேசி முடித்துவிடுகிறோம். இந்தக் காட்சி எனக்கு ஆறுவதேயில்லை.

மாற்று வழியாக எல்லோரும் காட்டுவது இங்கிலாந்தை. அங்கே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் 16 வயதினர் தாமே சிகிச்சைக்கு ஒப்புதல் தரலாம். 16 வயதுக்குக் கீழும், புரிந்துகொள்ளும் திறன் போதுமானதாக இருந்தால் சம்மதம் செல்லும் என்று 1985இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வயதைவிட்டு ஆளைப் பார்க்கும் அந்த அணுகுமுறை மனிதத்தன்மை மிக்கது. ஆனால் அளவுகோல் மருத்துவரின் கையில் இருக்கிறது. சரளமாகப் பேசும் நகரத்துப் பெண் முதிர்ந்தவளாகத் தெரிவாள். மருத்துவர் கேட்டதற்குத் தலைகுனிந்து நிற்கும் மில் விடுதிப் பெண் விவரமறியாதவளாகத் தெரிவாள். சாதியும் படிப்பும் மேசையின் இருபுறத்தையும் இவ்வளவு தூரம் பிரித்துவைத்திருக்கும் நம் நாட்டில் அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. எவரும் பேரம் பேச முடியாத ஒரு வயதும், இன்னின்ன சிகிச்சை என்ற பட்டியலும் ஏழைப் பிள்ளைக்கு அதிகம் பயன்படும்.

என் கணிப்பில், இந்த விவாதம் முடிவெடுக்கும் உரிமையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. கேட்கப்படும் உரிமை, சொன்னது வெளியே போகாது என்ற உரிமை, முடிவெடுக்கும் உரிமை ஆகிய மூன்றும் வேறுவேறு. முதல் இரண்டை 12 வயதிலிருந்தே தரலாம். யாருடைய அதிகாரமும் குறைந்துவிடாது. உயிருக்கு ஆபத்தோ வன்கொடுமையோ இருந்தால் மட்டும் அந்த ரகசியம் உடையலாம், அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்றாவதை 16 வயதில், மனநல ஆலோசனை, கருத்தடை, பால்வினைத் தொற்றுச் சிகிச்சை ஆகியவற்றுக்குத் தரலாம். உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் உரிமையை இதோடு சேர்க்கமாட்டேன். பசியின்மை நோயால் வாடிய 16 வயதுப் பெண்ணின் மறுப்பை 1992இல் இங்கிலாந்து நீதிமன்றமே ஏற்கவில்லை. அந்த முடிவில் எனக்கு உடன்பாடுதான்.

முதல் இரண்டுக்கும் நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதார உதவி எண்ணான 104க்கும், மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416க்கும் ஒரு மாணவி அழைத்தால் அவளிடம் யாரும் அப்பாவின் கையெழுத்தைக் கேட்பதில்லை. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கான தனி ஆலோசனை மையங்களை ஏற்கெனவே ஏற்படுத்தியிருக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் 12 வயதுக்கு மேற்பட்டவரிடம் பத்து நிமிடமாவது பெற்றோரை வெளியே இருக்கச்சொல்லிப் பேச வேண்டும் என்று சுகாதாரத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.