‘மைனர்’ – ஒரு சொல்லாராய்ச்சி

உடையிற் பொலிவும், செலவிற் கைத்தாராளமும், இன்ப நாட்டமும் உடைய ஆடவனை ‘மைனர்’ எனச் சுட்டுதல் தமிழ்நாட்டு வழக்கு. அன்னான் மார்பிற் கிடக்கும் பொற்சங்கிலியும் ‘மைனர் செயின்’ எனப் பெயர் பெற்றது. இச்சொல்லின் பிறப்பும் பொருள் திரிபும் ஈண்டு ஆராயப்படும்.

ஒலியொப்புமை பற்றி இதனை ‘மையினர்’ என்பதன் மரூஉவாகக் கொள்ளலாமோ எனின், ஆகாது. உரிமைவயது எய்தாதார் என்னும் பொருளில் இவ்வடிவமே நீதிமன்ற வழக்கில் இன்றும் நிலவுகின்றது. ஆகலின் இஃது ஆங்கிலச் சொல்லே என்க.

ஆயின், சொத்தை ஆளும் உரிமையின்மையைக் குறித்த சொல், சொத்தைச் செலவிட்டுத் திரிவானைக் குறித்தது எங்ஙனம்? 1875ஆம் ஆண்டின் இந்திய உரிமைவயதுச் சட்டம் பொதுவாக 18 ஆண்டை எல்லையாக வகுத்தது. நீதிமன்றம் காப்பாளரை அமர்த்தியவிடத்தும், ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ மேற்பார்வையில் சொத்து அமைந்தவிடத்தும் அவ்வெல்லை 21 ஆயிற்று. இவ்வேறுபாட்டை 1999ஆம் ஆண்டுத் திருத்தமே நீக்கியது. எனவே, சமீன் வழித்தோன்றல் ஒருவன் 18க்கும் 21க்கும் இடையே உடலால் ஆடவன், சட்டத்தாற் சிறுவன். செல்வம் உண்டு, பொறுப்பு இல்லை. மக்கள் கண்ணுக்குப் புலனாயது சட்டத்தின் இன்மையன்று, இளைஞனின் உடைமையே. பொருள் திரிந்த வாயில் இதுவே என்பது எம் துணிபு.

திரிந்தபின் அச்சொல் அகவையைக் கைவிட்டது. ஐம்பது ஆண்டினனும் மைனர் எனப்படுகின்றான். பாலையோ வரையறுத்துக் கொண்டது. ‘மைனர் பெண்’ என்புழிச் சட்டப் பொருளே நிற்கின்றது.

இத்தகையோர் தமிழுலகிற்குப் புதியரல்லர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில், 1008 கழஞ்சு பெறும் மாதவியின் மாலையைக் கூனி ஏந்தி நின்றது ‘நகர நம்பியர்’ திரியும் தெருவிலன்றோ? ஆயின் ‘நம்பி’ ஆடவருட் சிறந்தானைக் குறிக்கும் உயர்சொல். இளங்கோவடிகள் அவரை இகழ்ந்திலர். அவர்தம் செயலைக் காட்டி அமைந்தார். ‘மைனர்’ என்பதிலோ வியப்பும் எள்ளலும் ஒருங்கே உள. ஆண்டு முதிர்ந்தும் அறிவு முதிராதான் என்னும் குறிப்பைச் சட்டச் சொல்லே தந்துவிடுகின்றது. ஆகவே, பிறமொழிச் சொல் எனக் கருதி ‘நம்பி’ என்றோ ‘இளவல்’ என்றோ மாற்றின், பொருள் ஒருவாறு எஞ்சினும் மக்கள் அதனுள் வைத்த தீர்ப்பு அழிந்துபடும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சமீன்முறை ஒழிந்தது, சொல் ஒழிந்திலது. தமிழ் அகராதி செய்வோர் இதன் இருபொருளையும் வெறுமனே அடுக்கி வையாது, முன்னது பின்னதனைப் பயந்த வரலாற்றோடு காட்டுதல் வேண்டும். அவ்வரலாறு இன்றேல், இரண்டும் தொடர்பற்ற இருசொற்களாகவே கற்பார்க்குத் தோன்றும்.